சென்னை டு சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? - நான் தப்பாக எழுதிய ஒரு பதில்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை செய்தி எழுதினோம் என்பது மாலையில் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். காலையில் தங்கம் விலை, பதினொரு மணிக்கு மழை அறிவிப்பு, மதியம் ஏதாவது ஒரு வைரல் வீடியோ. நடுவில் 'எவர்கிரீன்' என்று ஒரு வகை உண்டு. எந்த நாளில் படித்தாலும் செல்லுபடியாகிற விஷயங்கள். வாசகர்கள் கூகுளில் என்ன தேடுகிறார்களோ அதற்கு நாங்கள் பதில் எழுதி வைப்போம்.

அப்படி ஒரு மதியம் எனக்கு வந்த தலைப்புதான் 'சென்னை - சான் பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?'

இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். நேர்கோட்டுத் தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். பயணிகள் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்து, 'சுமார் 16 மணி நேரம்' என்று போட்டேன். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா நேரடி விமானம் தொடங்கியது, 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய முதல் விமானத்தை கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே வட துருவம் வழியாக ஓட்டி வந்தது என்று ஒரு பத்தி. இரண்டு படங்கள். பப்ளிஷ். டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தச் செய்தியில் ஒரு பெரிய தப்பு இருந்தது. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு நான் பயண நேரம் எழுதியிருந்தேன். டெஸ்க்கில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கே இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை அதிகாலையில்தான் உறைத்தது.

இத்தனைக்கும் என் மாமா அந்த ஊர்ப் பக்கம்தான் இருக்கிறார்.

அம்மாவின் ஒரே தம்பி. 2011-ல் போனவர். ஃப்ரீமான்ட்டில் வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அம்மாச்சி மட்டும் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில், அந்தப் பழைய ஓட்டு வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று இருந்தது. (எங்கள் வீட்டில் அம்மாச்சியை 'இருந்தது, சொன்னது' என்றுதான் பேசுவோம். மரியாதைக் குறைவு இல்லை, அதுதான் நெருக்கம்.)

அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரியும். மாமா போன புதிதில் அம்மா இரண்டாவதாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்து, "இதுல அமெரிக்கா டைம் வச்சுக்கம்மா" என்றார். அம்மாச்சி அதை நான்கு நாள் பார்த்துவிட்டுக் கழற்றி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டது. "எதுக்குடி ரெண்டு? நம்ம மணியில அரை மணி கொறைச்சுட்டு, பகலை ராத்திரின்னு நெனைச்சுக்கிட்டா அதுதான் அவன் ஊரு மணி."

நான் போனில் சரிபார்த்தேன். அப்படியே பொருந்தியது. கோடைக்காலத்தில் கலிஃபோர்னியா நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே காலை ஏழரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிடுவதால் பதின்மூன்றரை மணி நேரம். அதையும் அம்மாச்சி கண்டுபிடித்து வைத்திருந்தது. "தீவாளி கழிஞ்சா ஒண்ணரை மணி கொறைக்கணும்."

ஒருமுறை தூரம் கேட்டது. நான் 13,900 என்றேன். அம்மாச்சிக்கு அந்த எண் ஒட்டவில்லை. பழனிக்கு நடந்து போய் வந்திருக்கிறது, இரண்டு தடவை. அதனால் பழனிக் கணக்கில் சொன்னேன். "நம்ம ஊர்லேருந்து பழனிக்கு நடந்து போற மாதிரி சுமார் அறுபது தடவை, அம்மாச்சி."

கொஞ்ச நேரம் விரல் மடக்கியது. "பழனிக்கு ஆறு நாளு. அப்ப ஒரு வருசம் நடந்தா போயிரலாம்ல?"

"நடுவுல கடல் இருக்கே?"

"அவன் மட்டும் ஆகாயத்துல நடந்தா போனான்?"

*

போன செப்டம்பரில், அந்த வியாழக்கிழமை அதிகாலை 4.10-க்கு அண்ணன் போன் செய்தான். அம்மாச்சி தூக்கத்திலேயே போய்விட்டது. வயது எண்பத்தொன்று. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாமாவுக்கு அங்கே புதன்கிழமை பிற்பகல் 3.40. ஆபீஸில் இருந்தார். அம்மாவிடம் பேசி முடித்ததும் அடுத்த போன் எனக்குத்தான் வந்தது.

"பாப்பா, நீதானே இந்த ஃப்ளைட், தூரம் எல்லாம் எழுதுவ? எது சீக்கிரம் வரும்னு பாரு. என்னால இப்ப எதையும் படிக்க முடியல."

நான் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில், பட்டுக்கோட்டை பஸ்ஸுக்காக ஒரு தூணுக்குப் பக்கத்தில் பையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் 62 சதவிகிதம் சார்ஜ். என் செய்தி எவ்வளவு உதவாதது என்று அப்போதுதான் தெரிந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு எண். அதில் ஏறிக்கொண்டு யாரும் ஊருக்கு வர முடியாது.

துபாய் வழியாக வந்தால் தூரம் குறைவு. சான் பிரான்சிஸ்கோ - துபாய் சுமார் 13,000, துபாய் - சென்னை சுமார் 2,900. மொத்தம் 16,000-க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் அன்றைய விமானத்தைப் பிடிக்க நேரம் இல்லை. மாமா ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுப்பதற்குள் அது கிளம்பிவிடும். பெங்களூர் நேரடி விமானம் தினமும் கிடையாது, அன்றைக்கு இல்லை. இரவில் கிளம்பி ஐரோப்பா வழியாக வந்தால் சென்னையில் இறங்கும்போது வெள்ளி நள்ளிரவு. அங்கிருந்து ஊருக்கு இன்னும் 380 கிலோமீட்டர் ரோடு.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். சின்ன தாத்தா (அம்மாச்சியின் கொழுந்தனார், அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம்) காலையிலேயே சொல்லிவிட்டார். "ஐஸ் பொட்டி வச்சுக்குவோம், வேணாங்கல. ஆனா வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும். சனிப் பொணம் தனியாப் போகாது."

சனிக்கிழமை எடுத்தால் இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போகும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. வேறு வழியில்லாமல் எடுக்கிறவர்கள் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தத் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணிடமும், போன மாதம் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற பெரியவரிடமும் போய் அதைச் சொல்லும் தைரியமும் எனக்குக் கிடையாது.

"பையன் வரலைன்னா பேரன் இருக்கான்ல, கொள்ளி வைக்க?" என்றும் சொல்லியிருக்கிறார். என் அண்ணனைத்தான். அண்ணன் எனக்கு மெசேஜ் அனுப்பினான்: 'எப்படியாச்சும் மாமாவ வர வை. என்னால முடியாது.'

அப்போதுதான் சிங்கப்பூர் ஞாபகம் வந்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலைக்குப் போனவர். நான் 'சென்னை' என்று தேடியதால்தான் அது என் கண்ணில் படவில்லை. மாமா போக வேண்டியது சென்னைக்கா என்ன?

சான் பிரான்சிஸ்கோ - சிங்கப்பூர் சுமார் 13,600 கிலோமீட்டர். சிங்கப்பூர் - திருச்சி சுமார் 3,000. கூட்டினால் 16,600. துபாய் வழியைவிட ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் அதிகம். ஆனால் அன்று இரவு 10.40-க்கே விமானம் இருந்தது. நம் நேரம் வியாழன் காலை 11.10. பதினேழு மணி நேரம் பறந்து வெள்ளி விடியும் முன் சிங்கப்பூர். அங்கே காலை 10.20 விமானத்தைப் பிடித்தால் நம் நேரம் நண்பகல் 12 மணி வாக்கில் திருச்சி. கார் ஏறினால் மூன்றரைக்குள் வீடு.

சுற்றி வருகிற வழிதான் சீக்கிரம் வருகிற வழி.

ஒரே சிக்கல், இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். "மாமா, கைப்பை மட்டும் எடுத்துக்குங்க. பெரிய பெட்டி வேணாம். சிங்கப்பூர்ல இறங்குனதும் ட்ரான்ஸ்ஃபர் கவுன்ட்டருக்குப் போங்க, இமிக்ரேஷன் பக்கம் போயிராதீங்க."

இரண்டு டிக்கெட்டும் சேர்த்து என் நான்கு மாதச் சம்பளம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. "போடு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, மாமா?" என்றேன்.

"ஸ்டாம்பிங் முடிஞ்சுருச்சு பாப்பா."

எனக்குப் புரியவில்லை. அத்தை போனை வாங்கி விளக்கினார். வேலைக்கான அனுமதி செல்லுபடியாகத்தான் இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதி. நாட்டுக்குள்ளேயே இருக்கும்வரை அதனால் ஒன்றும் இல்லை. ஒருமுறை வெளியே வந்துவிட்டால், இங்கே இருக்கும் தூதரகத்தில் நேரம் வாங்கி, புது முத்திரை குத்தினால்தான் திரும்பப் போக முடியும். அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருடமாக மாமா ஊருக்கு வராததற்குக் காரணம் இதுதான். அம்மாச்சியிடம் 'லீவு கிடைக்கல' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இது எந்த வரைபடத்திலும் இல்லாத தூரம். என் செய்தியிலும் இல்லை.

அத்தை அழுதுகொண்டே, "நீ போடும்மா. அவர் போகலைன்னா பின்னாடி அவரை யாராலயும் சமாதானப்படுத்த முடியாது" என்றார். போட்டேன். பஸ் வந்தது. ஏறினேன்.

*

பிற்பகலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், தெரு முனையில் பறை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாச்சி. நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். கண்ணாடியில் பனித்துளி கோத்துக்கொண்டே இருக்க, அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைக்கு மேலே சுவரில் அந்த ஒற்றைக் கடிகாரம்.

"தம்பி எங்கடி வரான்?"

விமானங்களைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 ஆப்பைத் திறந்து காட்டினேன். நீலக் கடல் மேல் ஒரு மஞ்சள் விமானம். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி இருந்தது. அம்மா போனைக் கையில் வாங்கி, அந்த மஞ்சளைத் தடவிப் பார்த்தார். தடவியதில் படம் நகர்ந்து ஆஸ்திரேலியா வந்துவிட்டது. மறுபடி இழுத்து வைத்தேன்.

அதன் பிறகு என் போன் அந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் சுற்றிக் கூடினார்கள். ஒரு பெரியப்பாவுக்குச் சந்தேகம். "சிங்கப்பூர் கீழ இருக்கு. இவன் ஏன் மேல அலாஸ்கா பக்கம் போறான்? ரூட்டு மாறிப் போயிட்டானா?"

நியாயமான கேள்வி. தட்டையான வரைபடத்தில் பார்த்தால் விமானம் வளைந்து, தேவையில்லாமல் வடக்கே சுற்றிப் போவதுபோலத்தான் இருக்கும். ஒரு வாண்டுப் பயலின் ரப்பர் பந்தை வாங்கினேன். மாலை கட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு துண்டு வாழைநார். பந்தின் மேல் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, நாரை இழுத்துப் பிடித்தேன். நார் தானாகவே பந்தின் மேல் பக்கமாக ஏறி வளைந்தது. உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் அந்த வளைவுதான். தட்டைக் காகிதத்தில் நேராகத் தெரிகிற கோடு உண்மையில் நீளமானது.

பெரியப்பா நாரைத் தானே இழுத்துப் பார்த்தார். "அப்ப நேரா போறதுதான் சுத்து வழிங்கிற." எழவு வீட்டில் முதல் முறையாக நாலு பேர் சிரித்தார்கள்.

அதே ஆள் ராத்திரி இன்னொன்று கேட்டார். அவர் சொந்தக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போனபோது பதினைந்து, பதினாறு மணி நேரம்தான் ஆனதாம், திரும்பி வர மட்டும் ஏன் பதினேழு? காற்றுதான் காரணம். விமானங்கள் பறக்கும் உயரத்தில், பத்து கிலோமீட்டருக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம். அமெரிக்கா போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது நெஞ்சில் முட்டும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் போன விமானத்தை அந்தக் காற்று தள்ளிய தள்ளலில், ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. வழக்கமாக ஆறு, ஏழு மணி நேரம் ஆகும் தூரம் அது.

மாமாவுக்கு அன்றைக்கு எதிர்க்காற்று.

இரவு முழுக்க அம்மா தூங்கவில்லை. நடுக்கடலில் சிக்னல் பிடிக்கக் கருவிகள் இல்லாத இடங்களில் அந்த ஆப் கணிப்பாகத்தான் விமானத்தை நகர்த்திக் காட்டும். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஜப்பானுக்குக் கிழக்கே, ஜப்பானுக்குத் தெற்கே, பிலிப்பைன்ஸ் பக்கம் என்று ஒவ்வொரு மணிக்கும் எழுப்பிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

இடையில் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. மாமா புதன் இரவு பதினொன்றரைக்கு ஆகாயத்தில் ஏறினார். அரை மணி நேரத்தில் வியாழன் பிறந்திருக்கும். ஐந்தாறு மணி நேரத்தில் பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியதும் அது வெள்ளியாகிவிடும். நாங்கள் இங்கே நிமிடம் நிமிடமாகக் கடத்திய வியாழக்கிழமை, மாமாவுக்கு அந்தச் சில மணி நேரம்தான். அதுவும் இருட்டில், சீட் பெல்ட்டோடு.

*

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கிவிட்டார். அங்கே ஏழரை. ஏர்போர்ட் வைஃபையிலிருந்து வீடியோ காலில் வந்தார். முகம் வீங்கி இருந்தது. அம்மா போனைக் கண்ணாடிப் பெட்டிக்கு நேராகக் காட்டப் போனார். "வேணாம்க்கா. நேர்ல பாத்துக்கறேன்."

கணக்கு சரியாகவே போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் அந்த இரண்டாவது விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று போர்டில் போட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன செய்வது? திருச்சிக்கு வர மதியம் மூன்றைத் தாண்டும். இமிக்ரேஷன் முடித்து வெளியே வர நாலு. கந்தர்வக்கோட்டை வழியாக எவ்வளவு விரட்டினாலும் ஊருக்கு வர ஆறரை. சூரியன் ஆறே காலுக்கு மறைந்துவிடும்.

நான்தான் அந்த வழியைச் சொன்னேன். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் சாமியானாவுக்கு அடியில் யாராவது மணி பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மதியம் இரண்டு மணிக்குக் கரன்ட் போனது. ஐஸ் பெட்டியின் ஓசை நின்றதும்தான் அதுவரை அப்படி ஒரு ஓசை இருந்ததே தெரிந்தது. சாமியானாக்காரர் ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுத்து வந்தார். அந்த இருபது நிமிடமும் அம்மா கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, "வந்துருவான்மா, கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாலரைக்குச் சின்ன தாத்தா எழுந்தார். நான் அவரிடம் போய் ஆப்பைக் காட்டி, கூகுள் மேப்பைக் காட்டி, "தாத்தா, இன்னும் ரெண்டு மணி நேரம்தான்" என்றேன். அவர் போனைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமை எடுக்கணும்னுதானே சொன்னேன்? வெள்ளிக்கெழமையே எரிக்கணும்னா சொன்னேன்?"

எனக்கு விளங்கவில்லை.

"பொழுதோட வீட்டை விட்டு எடுத்துருவோம். வாசல் தாண்டிட்டா வெள்ளிக்கெழம போனதாத்தான் கணக்கு. அங்கன போயி அவன் வர்ற வரைக்கும் எறக்கி வச்சுக்கிட்டு இருப்போம். எனக்கென்ன, அவ என் அண்ணன் பொண்டாட்டி. ரெண்டு மணி நேரம் பக்கத்துல குந்தியிருக்க மாட்டனா?"

ஊர்ச் சட்டத்தை அப்படி வளைக்க அவரால்தான் முடியும். நார் மாதிரி.

ஐந்தரைக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெரு முனை வரைதான். அதற்கு மேல் நாங்கள் போகக் கூடாது. சுடுகாடு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, வாய்க்கால் தாண்டினால் புளிய மரங்கள் தெரியும். பசிபிக்கின் நடுவே ஒரு விமானத்தை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத எனக்கு ஆசை உண்டு. அது இன்னொரு நாள்.

6.45-க்கு மாமாவின் கார் நேராக அங்கே போய் நின்றது. வீட்டுக்கு வரவில்லை. இருட்டிவிட்டதால் எல்லோரும் செல்போன் டார்ச்சைப் பிடித்திருக்கிறார்கள். மாமா ஷூவைக் கழற்றக் குனிந்தவர், கயிறு அவிழாமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சின்ன தாத்தாதான் அவிழ்த்துவிட்டாராம். முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, "பாத்துக்கடா, நல்லா பாத்துக்க. அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்.

போன் வந்த நேரத்திலிருந்து 38 மணி நேரம் 35 நிமிடம். அதில் ஆகாயத்தில் இருந்தது சுமார் 21 மணி நேரம். நான் செய்தியில் எழுதியிருந்தது 16.

*

பதினாறாம் நாள் காரியத்தின்போது ஒரு குழப்பம் வந்தது. வருடா வருடம் திதி கொடுக்க மாமா தன் போனில் நாள் குறித்துக்கொள்ள வேண்டும். "எந்தக் கிழமைக்கா போடறது? எனக்குப் புதன் மத்தியானம் அம்மா போச்சு. உங்களுக்கு வியாழன்." காரியம் செய்து வைத்தவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். உயிர் பிரிந்த இடத்தில் அந்த நேரத்துக்கு என்ன திதியோ அதுதான் கணக்கு என்றார். மாமா தலையாட்டினார். ஆனாலும் அவர் போனில் புதன், வியாழன் இரண்டு நாளும் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பழைய செய்தியைத் திறந்து திருத்தினேன். 'சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஓரிடத்திலாவது மாற வேண்டும். பயண நேரம் 22 மணி நேரத்திலிருந்து 30 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நீங்கள் போக வேண்டிய ஊர் சென்னை இல்லையென்றால், திருச்சி, மதுரை, கோவை வழிகளையும் தேடிப் பாருங்கள்.' எங்கள் சீனியர், 'எதுக்குப் பழைய ஸ்டோரியைத் தோண்டுற?' என்று கேட்டார். 'தப்பா இருந்துச்சு சார்' என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மாமாவுக்கு ஸ்டாம்பிங் தேதி உடனே கிடைக்கவில்லை. கம்பெனியில் கெஞ்சி, அம்மாச்சி வீட்டிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி வேலை பார்க்கிறார். பகலில் தூக்கம். சாயங்காலம் எழுந்து தென்னைக்குத் தண்ணீர் விடுவார். தினமும் இரவு எட்டு மணிக்குச் சுவரில் இருக்கும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழரை, ஸ்கூலுக்குக் கிளம்புற நேரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளைக் கூப்பிடுவார். அரை மணி குறைக்கிற வித்தையை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஊருக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை, ஒன்பதரைக்கு எனக்குச் சென்னை பஸ். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி எட்டு. மாமா போனை எடுத்தார்.

"ஏழரை ஆச்சு."

"இல்ல மாமா. நேத்துலேருந்து அங்க டைம் மாத்திட்டாங்க. இப்ப ஆறரைதான். ஒண்ணரை மணி குறைக்கணும்."

மாமா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்லும்ல, தீவாளி கழிஞ்சான்னு" என்றார். "இன்னும் எழுந்திருச்சிருக்க மாட்டாங்க." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு இன்னும் ஒரு தோசை வார்க்கச் சொல்லி அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.